ஆற்றங்கரையில் நிற்கும் தாய்



படாசாரை அம்மையாரின் வரலாற்றை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். அவ்வரலாற்றில் வரும் ஓர் ஆற்றங்கரையை மட்டும் இன்று உங்கள் சிந்தனைக்கு வைக்கக் கருதுகிறோம்.

சாவத்தி நகரத்துச் செல்வ வணிகர் ஒருவரின் மகள் அவள். தன் வீட்டு ஏவலாள் மீது அன்பு பூண்டு, பெற்றோர் அறியாமல் அவனுடன் புறப்பட்டுத் தொலைவிலுள்ள ஒரு சிற்றூரில் இல்லறம் நடத்தினாள். இரண்டாம் மகப்பேற்றின்போது தாய்வீடு நோக்கிச் செல்லும் வழியில் பெருமழை பிடித்துக்கொண்டது. மறைப்புக் கட்டத் தழை வெட்டச் சென்ற கணவன் பாம்பு தீண்டி மாண்டான். மழையிலேயே பிள்ளை பிறந்தது. விடிந்த பின் கணவனின் உடலைக் கண்டு கதறிய அவள், இரு மக்களையும் அணைத்துக்கொண்டு அசிரவதி ஆற்றங்கரையை அடைந்தாள்.

ஆறு பெருகி ஓடிற்று. இருவரையும் ஒருசேரத் தூக்கிச் செல்ல அவள் உடலில் வலுவில்லை. மூத்தவனை இக்கரையில் நிறுத்தி, பச்சிளங் குழந்தையை அக்கரை சேர்த்துக் கிடத்திவிட்டு, மூத்தவனை அழைத்துவர மீண்டும் நீரில் இறங்கினாள். நடு ஆற்றில் திரும்பிப் பார்த்தபோது, பருந்தொன்று சிசுவை இறைச்சியென மயங்கிக் கவ்விற்று. அதை விரட்ட அவள் கையை உயர்த்திக் கூவினாள். தாய் தன்னை அழைக்கிறாள் என்று எண்ணி மூத்தவன் நீரில் கால் வைத்தான். வெள்ளம் அவனைக் கொண்டுபோயிற்று.

இவ்வரலாற்றை நிலையாமைக்கு எடுத்துக்காட்டாக உரைப்பதே வழக்கம், அது தக்கதே. ஆயினும் நாம் ஒரு வினாவை எழுப்புகிறோம். அன்று அந்த ஆற்றங்கரையில் இன்னொருவர் நின்றிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும்? பருந்து தாழ்ந்திருக்காது, சிறுவன் நீரில் இறங்கியிருக்கமாட்டான். கணவனைத் தீண்டிய நஞ்சுக்கு அக்காட்டில் மருந்தில்லை எனலாம். பிள்ளைகள் இருவரையும் காக்கவோ மருந்து வேண்டா, பொருள் வேண்டா. ஓர் ஆள் போதும். தாயின் கவனக்குறைவால் அவர்கள் இறக்கவில்லை. கரைகள் இரண்டு, தாய் ஒருத்தி, அதுவே காரணம்.

இது பழங்கதை என்று கருதற்க. நம் நாட்டின் கிழக்கெல்லையில், மிசோரம் மாநிலத்தின் சம்பாய் மாவட்டத்தில், தியாவ் என்றோர் ஆறு ஓடுகிறது. அதன் இக்கரை இந்தியா. அக்கரை மியான்மரின் சின் மாநிலம். 2021 பிப்ரவரி 1ஆம் நாள் மியான்மரின் படைத்தலைவர்கள் ஆட்சியைக் கைப்பற்றினர். அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் சின் மாநிலத்துத் தந்த்லாங் என்னும் மலையூரில் 160க்கும் மேற்பட்ட வீடுகள் ஒரே நாளில் எரிந்தன. 2024 பிப்ரவரியில், 18 முதல் 35 வயது வரையுள்ள ஆடவரையும், 18 முதல் 27 வயது வரையுள்ள பெண்டிரையும் படைக்கு அழைக்கும் சட்டம் நடைமுறைக்கு வருமென அறிவிக்கப்பட்டது. நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்தோர் தொகை 30 இலட்சத்தைக் கடந்துவிட்டது என்று அதே ஆண்டில் ஐக்கிய நாடுகள் அமைப்பு கூறிற்று.

இந்நிலையில் கணவனை இழந்த ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். மூத்த மகனுக்குப் பதினேழு வயது. அடுத்த ஆண்டு அவன் கையில் துப்பாக்கி திணிக்கப்படும். இளையவள் பள்ளிப் பருவம். பள்ளியோ மூடிக் கிடக்கிறது. கடைக்குட்டி இடுப்பில். இம்மூவரையும் கொண்டு அவள் மலை இறங்கி ஆற்றங்கரைக்கு வருகிறாள். அவள் நிற்பது அசிரவதிக் கரையிலா, தியாவ் கரையிலா? நமக்கு வேற்றுமை தெரியவில்லை.

அன்பர்களே! தமிழ்ப் பௌத்தராகிய நமக்கும் பர்மாவுக்கும் ஒரு கடன் தொடர்பு உண்டு. பண்டிதர் அயோத்திதாசர் 1898இல் நிறுவிய சாக்கிய பௌத்த சங்கத்திற்கு இரங்கூனில் கிளை இருந்தது. நம் முன்னோர் பலர் அத்துறைமுகத்தில் உழைத்துப் பிழைத்தனர். 1954இல் அண்ணல் அம்பேத்கர் உலக பௌத்தர் மாநாட்டிற்குச் சென்றதும் அந்நகருக்கே. அந்நாட்டுச் சோற்றையும் தம்மத்தையும் பெற்ற நாம், அந்நாட்டுத் தாய் ஒருத்தி கரையில் நிற்கும்போது வேறு பக்கம் முகம் திருப்பலாமா?

இன்னொன்றும் உண்டு, சொல்ல நா கூசினும் சொல்லியே தீரவேண்டும். அத்தாய்மாரை விரட்டியவர்கள் தம்மைப் பௌத்தர் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். 2017இல் 7 இலட்சத்துக்கும் மேற்பட்ட ரோகிங்கியா மக்கள், பெரும்பாலும் பெண்டிரும் பிள்ளைகளும், வங்காளதேசத்திற்கு ஓட நேர்ந்ததும் அதே படையின் செயலால்தான். 2023இல் தலைநகர் நேப்பியிதாவில் மாபெரும் பளிங்குப் புத்தர் சிலையைத் திறந்துவைத்தவர்களும் அவர்களே. பளிங்கைச் செதுக்கிவிட்டால் பகவன் அதில் வந்து அமர்ந்துவிடுவாரா? கொல்லாமை என்னும் முதற்சீலத்தை மிதித்தவர் எத்துணை உயரமான சிலை எடுப்பினும், அவர் நிற்பது தம்மத்திற்குப் புறத்தேதான். நம் பகவனின் பெயரால் நேர்ந்த இக்களங்கத்தை மறுப்புரைகளால் கழுவ முடியாது. அத்தாய்க்கு நாம் செய்யும் தொண்டினாலேயே கழுவ முடியும்.

அத்தொண்டை எவ்வாறு செய்வது? பகவன் இல்லறத்தார்க்கு நான்கு சங்கிரக தருமங்களை அருளினார். மக்களை மக்களோடு பிணைக்கும் நான்கு கயிறுகள் அவை: தானம், இன்சொல், பயன்தரு செயல், சமநிலை. இவற்றை அத்தாயின்பால் வைத்துப் பார்ப்போம்.

முதலாவது தானம். 2011 கணக்கெடுப்பின்படி மிசோரத்தின் மக்கள் தொகை ஏறத்தாழ 11 இலட்சமே. அச்சிறிய மாநிலம் ஆறு கடந்து வந்தோர் 30,000 பேருக்கு மேல் இடம் தந்தது. ஊர்மக்கள் அரிசி திரட்டினர். மூங்கிலும் தார்ப்பாயும் கொண்டு குடில்கள் எழுந்தன. 1935இல் தோன்றிய மிசோ இளைஞர் சங்கத்தார் முன்னின்றனர். பிறர்க்காகத் தன்னலம் துறந்து உழைப்பதை அவர்கள் 'த்லோம்ஙைனா' என்கின்றனர். அவர்கள் கிறித்தவர், எனினும் நாம் தானபாரமிதை என்று ஓதுவதை அவர்கள் செய்து காட்டினர். நாமும் கொடுக்கும்போது கிழிந்த துணியைக் கொடுத்து மனநிறைவு கொள்ளலாகாது. வாடகை, வழிச்செலவு, பிள்ளைக்குப் பால், காய்ச்சலுக்கு மருந்து: இவையே அவளுக்கு உடனடித் தேவை. பணத்தைத் தாயின் கையிலேயே கொடுங்கள். எதற்குச் செலவிடுவது என்பதை அவளே அறிவாள்.

இரண்டாவது இன்சொல். தனித்து வரும் தாயை ஒவ்வொரு வாயிலிலும் எதிர்கொள்ளும் கேள்வி ஒன்றே: "கணவன் எங்கே?" பிள்ளைகள் காதுபட அதைக் கேட்காதீர்கள். அவன் சிறையில் இருக்கலாம். புதைக்க உடல்கூடக் கிடைக்காமற் போயிருக்கலாம். அவளை விட்டுப் பிரிந்தும் போயிருக்கலாம். எதுவாயினும் அவள் உதவி பெறும் தகுதி குறையாது. அப்பிள்ளைகளை 'அநாதைகள்' என்று அழைப்பதும் பிழை. அவர்களுக்குத் தாய் இருக்கிறாள்.

மூன்றாவது பயன்தரு செயல். இதிலேதான் நம்மவர் பெரும்பாலும் குறைபடுகிறோம். பிறப்புச் சான்று, தடுப்பூசி அட்டை, பள்ளிச் சான்று ஆகியவற்றை நனையாத உறையில் இட்டுக் காப்பதும், ஒவ்வொரு பிள்ளையின் சட்டைக்குள்ளும் பெயரும் உறவினர் தொலைபேசி எண்ணும் எழுதித் தைப்பதும் சிறிய வேலைகள். கூட்டத்தில் பிரிந்த பிள்ளையைத் தாயிடம் சேர்ப்பவை அவையே. இந்தியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் ஒப்பமிடவில்லை. அகதிகளுக்கெனத் தனிச் சட்டமும் இயற்றவில்லை. ஆயினும் வழி முற்றிலும் அடைபடவில்லை. 2021 மே 3ஆம் நாள், பிள்ளைகளையும் உள்ளிட்ட மியான்மர் நாட்டினர் எழுவர், தில்லியிலுள்ள ஐக்கிய நாடுகள் அகதிகள் ஆணையத்தை அடையப் பாதுகாப்பாகச் செல்ல மணிப்பூர் உயர் நீதிமன்றம் வகை செய்தது. உயிருக்கு இடர் உள்ள இடத்திற்கு ஒருவரைத் திருப்பி அனுப்பாமை நம் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவுக்குள் அடங்கும் என்றும் கூறிற்று. அதே ஆண்டில் மிசோரம் கல்வித்துறை, 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தைச் சுட்டி, அகதிப் பிள்ளைகளைப் பள்ளிகளில் சேர்க்கப் பணித்தது. இவற்றை அறிந்து அவளுக்கு எடுத்துச் சொல்வதும், வழக்கறிஞரிடமும் தலைமையாசிரியரிடமும் உடன் செல்வதும் பயன்தரு செயல். பொய்ச் சீட்டு வாங்கித் தருவது பயன்தரு செயலன்று. அது நான்காம் சீலத்தைக் கெடுப்பதோடு அவளையும் சிறைக்கு அனுப்பும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. "பிள்ளைகளை எங்களிடம் விடுங்கள், விடுதியில் வைத்துப் படிக்கவைக்கிறோம்" என்று இனிக்க இனிக்கப் பேசி வருவோர் உண்டு. அசாமிலிருந்தும் மணிப்பூரிலிருந்தும் இவ்வாறு அழைத்துவரப்பட்ட 76 பிள்ளைகள் தமிழ்நாட்டு விடுதிகளில் அல்லற்பட்ட செய்தி உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அதன் பின், 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் படிப்பின் பெயரால் வெளிமாநிலங்களுக்கு அனுப்பாதிருக்குமாறு 2010 செப்டம்பரில் அந்நீதிமன்றம் அவ்விரு மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. தாயின் சுமையைக் குறைப்பதாக எண்ணிப் பிள்ளையைப் பிரிப்பவர், உதவி செய்யும் கையாலேயே பருந்தின் வேலையைச் செய்கிறார். தாயும் மக்களும் ஓரிடத்தில் இருக்கச் செய்வதே உதவி. ஏனையவெல்லாம் அதற்குப் பின்.

நான்காவது சமநிலை. இன்பத்திலும் துன்பத்திலும் அவளை நம்மோடு ஒப்ப வைத்தல். அடைக்கலம் தந்தோம் என்று அவளைக் கூலியின்றி வேலை வாங்குவது அறமாகாது. அவளை வரிசையில் நிறுத்திப் படமெடுத்துக் காட்டுவதும் அறமாகாது. அவளுக்குத் தொழிலும் உரிய கூலியும் வேண்டும். அவள் வேலைக்குச் செல்லும் நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். நூற்பாலையில் உழைத்த நாட்களில் நாம் கண்ணாரக் கண்டது இது: பிள்ளை பத்திரமாக இருக்கிறது என்று அறிந்த தாயே இயந்திரத்தின் முன் மனம் ஊன்றி நிற்க இயலும். மற்றவள் பத்து நாளில் நின்றுவிடுவாள். பதினோராம் நாள் கடன்காரன் அவள் வாயிலில் நிற்பான்.

சிலர் கேட்கக்கூடும்: "அவர்கள் நம் சமயத்தார் அல்லரே?" பசியால் வாடும் பிள்ளையின் வயிற்றில் எச்சமயத்தின் முத்திரை இருக்கிறது? வேறு சிலர், "நம் சேரியிலேயே ஏழைகள் இருக்கிறார்களே!" என்பர். உண்மைதான். ஆனால் இவ்வாறு சொல்பவர் சேரியின் ஏழைக்கேனும் கைகொடுக்கிறாரா என்று பாருங்கள். ஒரு வீட்டில் ஏற்றிய விளக்கு அடுத்த வீட்டு விளக்கை ஏற்றுவதால் ஒளி குன்றுவதில்லை. ஊரும் குடியிருப்பும் மறுக்கப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் நாம். வாயிலில் நின்றவரைப் போகச் சொல்வது எத்தகைய கொடுமை என்று பிறர் நமக்குக் கற்பிக்க வேண்டியதில்லை.

ஆகவே ஒவ்வொரு பௌத்த சங்கத்தாரிடமும் நாம் வேண்டுவது இது. தில்லியிலோ தம் நகரத்திலோ தனித்து வாழும் அகதித் தாயின் குடும்பம் ஒன்றை ஓர் ஆண்டிற்கு ஏற்றுக்கொள்ளுங்கள். நால்வர் போதும். ஒருவர் ஆவணங்களைக் கவனிக்கட்டும். ஒருவர் பிள்ளைகளின் பள்ளிக்குச் செல்லட்டும். ஒருவர் வாடகைக்கு மாதந்தோறும் காணிக்கை திரட்டட்டும். நம் தாய்மாருள் ஒருவர் அவள் வேலை முடிந்து வரும்வரை குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளட்டும். முதல் வாரத்தில் கூட்டமாகச் சென்று பழம் கொடுத்துவிட்டு, மூன்றாம் மாதம் எட்டிப் பாராதிருப்பதைவிட இது மேலானது.

படாசாரையின் வரலாற்றுக்குத் திரும்புவோம். மக்களை இழந்த அவள், பெற்றோரும் உடன்பிறந்தானும் முந்தைய இரவில் வீடு இடிந்து மாண்டதை வழிப்போக்கன் வாயால் கேட்டாள். சித்தம் கலங்கி, ஆடை நழுவியதும் அறியாமல் அலைந்தாள். ஊரார் மண்ணை வாரி இறைத்தனர். சேதவனத்திலும் அவளைத் தடுக்க முற்பட்டனர். பகவனோ, தடுக்கவேண்டா, வரவிடுங்கள் என்றார். ஒருவர் தம் மேலாடையை எடுத்து அவள்மீது இட்டார். அவள் தெளிந்தாள், சங்கத்தில் சேர்ந்தாள், விநயம் உணர்ந்த பிக்குணிகளுள் முதல்வி எனப் பகவனால் போற்றப்பெற்றாள். மக்களைப் பறிகொடுத்த தாய்மார் பலருக்கு ஆறுதலும் ஆனாள்.

மேலாடை ஈந்தவர் பெரும் புண்ணியர், ஐயமில்லை. ஆனால் ஆற்றங்கரையில் ஒருவர் கை கொடுத்திருந்தால், அந்த மேலாடைக்குத் தேவையே வந்திராது. துன்பம் முடிந்தபின் போர்த்துவது ஓர் அறம். துன்பம் நிகழுமுன் பிள்ளையை வாங்கிக்கொள்வது அதனினும் பெரிய அறம். அன்று அசிரவதிக் கரையில் எவரும் இல்லை. இன்று நாம் இருக்கிறோம்.

எல்லாத் தாய்மாரும் தம் மக்களோடு கரை சேர்க! எல்லா உயிர்களும் நலம் பெறுக!

சாது! சாது! சாது!