தொடக் கூசும் கை

பிரிக்பீல்ட்ஸ் வீதியில் ஒரு மாது பேச்சுமூச்சின்றி வீழ்ந்து கிடக்கிறாளென்று வைத்துக்கொள்வோம். சுற்றி நிற்போர் 999-ஐ அழைப்பர். முகத்தில் தண்ணீர் தெளிப்பர். "விதி முடிந்தது" என்று சொல்லவும் ஒருவர் இருப்பார். அவள் மார்பில் கைவைத்தழுத்த எவர் முன்வருவர்?

இருதயம் நின்ற நாலைந்து நிமிஷத்தில் மூளை கெடத் தொடங்குகிறது. அதற்குள் ஆம்புலன்ஸ் வண்டி கிள்ளான் நெரிசலைக் கடந்து வருவது அரிது. தோட்டத்து மண்சாலையைக் கேட்கவே வேண்டாம். 1960ஆம் ஆண்டில் அமெரிக்க ஜான்ஸ் ஹாப்கின்ஸ் கலாசாலையார் மூவர் வெளியிட்ட முறை இவ்விடைவேளைக்கே உரியது: நெஞ்செலும்பின்மேல் கைகளை ஒன்றன்மேலொன்றாய் வைத்து, இன்றைய விதிப்படி இரண்டங்குல ஆழம், நிமிஷத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துதல். விலாவெலும்பு முறியாதா என்பர். முறியலாம், முறிந்த எலும்பு கூடும்.

அச்சத்தினும் வலியது கூச்சம். பொதுவிடங்களில் வீழ்ந்த ஆடவரில் 100க்கு 45 பேரும் பெண்டிரில் 39 பேருமே இவ்வுதவி பெற்றனரென்று 2017இல் ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. நாமோ அக்கூச்சத்தோடு சாதியையும் கப்பலேற்றிக் கொணர்ந்தவர்கள். மானம் பெரிதென்பாரை ஒன்று கேட்கிறேன்: எவருடைய மானம்? கிடப்பவளுக்கு அக்கணம் வேண்டுவது இரத்தவோட்டம். காக்கப்படுவதோ நின்று பார்ப்பவரின் நற்பெயர்.

அறியாதவன்மேல் பழியில்லையென்பது பழைய நியாயம். கற்க வழியற்றவனுக்கு அது பொருந்தும். செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் செம்பிறைச் சங்கமும் பயிற்றுவிக்கும் இந்நாட்டில், திருவிழாவுக்கு மாதக்கணக்கில் கூடிப்பேசும் நமது கமிட்டிகளுக்கு அது எங்ஙனம் பொருந்தும்? பயிற்சிப் பொம்மைகள் பெரும்பாலும் ஆண்மார்புடையன. கற்கப் போகிறவர்கள், பெண்ணுருவம் ஒன்றும் வேண்டுமென்று கேட்கட்டும்.