ஊருக்குத் திரும்பினால் அது தியாகமா?



சென்னை வேலையை விட்டுட்டு தஞ்சாவூர்ப் பக்கமே போயிடலாமா? சுவாமிமலையில் நம்மில் பலர் வைக்கும் வேண்டுதல் இது. 2024-ல் தஞ்சாவூருக்கே மினி டைடல் பார்க் வந்தாச்சு. ஆனாலும் கம்பெனி மாறணும்னா இங்கே வாய்ப்பு குறைவு. விமானத்துக்குத் திருச்சி போகணும். மனைவிக்கும் இங்கே வேலை கிடைக்குமா? பெரிய கேள்வி இதுதான், கடைசியில்தான் கேட்கிறோம். பதிலுக்கு வாடகை மிச்சம், மேட்டூர் திறந்தால் வாய்க்கால் நிறையத் தண்ணீர், அப்பா அம்மாவோடு ராத்திரிச் சாப்பாடு.

இப்படிக் கணக்குப் போடுவது தப்பே இல்லை. ஆனால் "உங்களுக்காகத்தான் எல்லாத்தையும் விட்டுட்டு வந்தேன்" என்று ஒரு தடவை சொல்லிட்டா, அப்பா கடன்காரர் மாதிரி ஆகிடுவார். மாத்திரை வாங்கிட்டு வாப்பான்னு சொல்லவே யோசிப்பார்.

60 படி ஏறி நாம் கும்பிடும் சுவாமிநாதன், அப்பனுக்கே பிரணவப் பொருள் சொன்னவன். அதுக்காக அப்பனைக் கடனாளி ஆக்கலை. கோபிச்சுக்கிட்டு பழனிக்குப் போனவனும் அவன்தான். அதனால் வெளியூரில் இருப்பது பாவம்னு யாரும் மிரட்ட வேண்டாம்.

கடமைக்காக வந்தாலும் பில்லை வீட்டில் நீட்டாமல் இருக்க முடியுமா? முடியும்னா வாங்க. முடியாதுன்னா, மாசம் ஒரு தடவை உழவன் எக்ஸ்பிரஸில் டிக்கெட் போடலாம்.