மல்லிகைக்கு வார்த்த நீர்

2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டன. எங்கள் ஆவடித் தெருவிலும் குடங்கள் லாரிக்காகக் காத்துக்கிடந்தன. அந்நாளில் ஒரு தாய் என்னிடம் வினவினார்: "சாமி, குடிக்கவே தண்ணீர் இல்லாதபோது மல்லிகைக்கு ஊற்றுவது பாவமா?"

அவர்தம் கொல்லையைச் சென்று கண்டேன். அரிசி களைந்த நீர் மல்லிகைக்கும், குளித்த நீர் வாழைக்கும் பாய்ந்தது. முருங்கைக்கீரை மதில் தாண்டி அண்டை வீட்டு உலைக்கும் சென்றது.

ஆதாமுக்கு இறைவன் ஏதேனைத் தந்தது உண்டு களிக்க மட்டுமன்று, பண்படுத்திக் காக்கவுமே. ஆகவே தோட்டம் தரும் மகிழ்ச்சி குற்றமன்று. அயலாரின் தாகத்தை மறந்த மகிழ்ச்சியே குற்றம்.

அன்பர்களே, செடிக்கு நீர் வார்க்குமுன் அடுத்த வீட்டுக் குடத்தையும் எண்ணிப் பார்ப்போம். அத்தாய் எண்ணிப் பார்த்தார். அதனாலன்றோ அக்கேள்வி பிறந்தது!