பகல் வீடு

அவள் ஏன் ரேடியோவை நிறுத்தினாள் என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

நடந்தது, சொல்லக்கூடக் கூச்சம் தரும் அளவுக்குச் சின்ன விஷயம். பெல் கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்று நான் வீட்டோடு இருக்கத் தொடங்கிய புதிது. ஒரு நாள் பகல் பன்னிரண்டு மணி வாக்கில் தண்ணீர் குடிக்கச் சமையலறைப் பக்கம் போனேன். பின்வாசல் படியில் உட்கார்ந்து என் மனைவி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மடியில் தட்டு. பக்கத்தில், துணி துவைக்கும் கல்லின்மேல், கையகல ரேடியோ. ரெயின்போ பண்பலையில் பழைய பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. என் காலடிச் சத்தம் கேட்டதும் இடது கையை நீட்டி அதை நிறுத்தினாள். பிறகு தட்டோடு எழுந்து, "என்னங்க, ஏதாவது வேணுமா?" என்றாள். "ஒண்ணும் வேணாம், நீ சாப்பிடு" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரைக் குடித்துக் கூடத்துக்குத் திரும்பினேன். அவ்வளவுதான்.

எழுந்து நின்றது எனக்குப் புரிகிறது. எங்கள் தலைமுறைப் பெண்களில் பலர் அப்படித்தான் பழக்கப்பட்டார்கள். அது சரியா என்பது வேறு பேச்சு. ரேடியோதான் இடிக்கிறது. சத்தம் அதிகமில்லை, கூடத்திலிருந்த எனக்கு அதுவரை பாட்டே கேட்கவில்லை. மறைக்க வேண்டிய பாட்டும் இல்லை. எனக்கும் பழைய பாட்டு பிடிக்கும் என்பது அவளுக்குத் தெரியும். நான் சொல்வது காதில் விழ வேண்டும் என்றால் சத்தத்தைக் குறைத்திருக்கலாம். அவள் அடியோடு நிறுத்தினாள், அதுவும் நான் வாய் திறப்பதற்கு முன்பே.

திருச்சி கே.கே. நகரில் இந்த வீட்டைக் கட்டியவன் நான். கடன் வாங்கியவனும் அடைத்தவனும் நானே. ஆனால் வாரநாட்களில் பதினொரு மணிக்கு மேல் வெயில் எந்த ஜன்னல் வழியாக உள்ளே வரும் என்பது ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்தது. கீரைக்கார அம்மா எங்கள் வாசலில் கூடையை இறக்கிவைத்துப் பத்து நிமிடம் கதை பேசுவார் என்பதும் தெரியாது. விமான நிலையம் பக்கத்தில் இருப்பதால் தலைக்குமேல் விமானம் இறங்கும் சத்தம் கேட்கும். எது எந்த ஊர் விமானம் என்று என் மனைவி நேரத்தை வைத்தே சொல்கிறாள். காலையில் திருவெறும்பூர்ப் பக்கம் கிளம்பி, இருட்டும் நேரத்தில் திரும்பியவனுக்குக் கிடைத்தது ராத்திரி வீடு. பகல் வீடு என்று இன்னொன்று இதே சுவர்களுக்குள் இருந்திருக்கிறது. அதில் அவள் மட்டும் குடியிருந்திருக்கிறாள்.

இதை யோசிக்கும்போதெல்லாம் மனம் பொன்மலைக்குப் போய்விடுகிறது. அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். நாகப்பட்டினத்தில் இருந்த பணிமனையைத் தென்னிந்திய ரயில்வே கம்பெனி 1920களின் பிற்பகுதியில் பொன்மலைக்குக் கொண்டுவந்தது. தொழிலாளர் குவார்ட்டர்ஸும் அதைச் சுற்றி எழுந்தது. எங்கள் வரிசையில் கடிகாரம் இல்லாத வீடு உண்டு. ஒர்க்‌ஷாப் சங்கு கேட்காத வீடு கிடையாது.

அந்த வரிசையில் ஒரே ஒரு வீட்டில் வால்வு ரேடியோ இருந்தது. ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் எடுத்துத் தபால் ஆபீசில் பணம் கட்ட வேண்டிய காலம். ஆண்கள் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு பெண்கள் அந்தத் திண்ணையில் சேர்வார்கள். முறத்தில் அரிசி, மடியில் முருங்கைக் கீரை, உள்ளே இலங்கை வானொலி. காய்ச்சலுக்குப் பள்ளிக்குப் போகாத நாட்களில் அம்மாவோடு நானும் போயிருக்கிறேன். அங்கே என் அம்மா வேறு ஆள். பாட்டின் அடுத்த வரியை முன்கூட்டியே பாடிக் காட்டுவாள். தெருவில் யாரையாவது போலப் பேசிக் காட்டிச் சிரிக்கவைப்பாள். அந்த அம்மாவை நான் எங்கள் வீட்டுக்குள் பார்த்ததே இல்லை. சங்கு ஊதியதும் முறங்கள் எழும். பாட்டு பாதியில் நிற்கும். யாரும் முகம் சுளித்ததாக நினைவில்லை. அப்பா சைக்கிளை விட்டு இறங்கும்போது காபி தயாராக இருக்கும், அம்மாவும் தயாராக இருப்பாள்.

அப்பா கொடுமைக்காரர் இல்லை. கை ஓங்கியதில்லை, சம்பளக் கவரைப் பிரிக்காமல் அம்மாவிடம் கொடுப்பார். தியாகராஜ பாகவதர் பாட்டென்றால் அவருக்கு உயிர். நம்ம திருச்சியில் வளர்ந்தவர் என்ற பெருமை வேறு. கேட்டிருந்தால், "நீ இருந்து கேட்டுட்டு வாயேன், காபி என்ன ஓடியா போவுது" என்றுதான் சொல்லியிருப்பார். யாரும் அவரிடம் கேட்கவில்லை. தன் மனைவிக்குப் பாட வரும் என்பது தெரியாமலே அவர் போய்ச் சேர்ந்தார் என்று நினைக்கிறேன். அது அவருக்கு நஷ்டமா? அம்மா அதைத் தனக்கென்று பத்திரமாக வைத்துக்கொண்டாளா? இரண்டு பக்கமும் என்னால் வாதாட முடியும்.

மனதில் வைத்துக்கொண்டே இருப்பானேன் என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன். "நான் வந்தா ஏன் ரேடியோவ நிறுத்துற?"

"நான் எங்க நிறுத்துனேன்?" என்றாள். சற்றுப் பொறுத்து, "உங்களுக்குத் தொந்தரவா இருக்குமேன்னு நிறுத்தியிருப்பேன்" என்றாள்.

அதற்குப் பிறகு நான் எப்போது போனாலும் ரேடியோ ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆனால் நான் நிற்கும்வரை அவள் அதைக் கேட்பதில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. முன்பு எனக்காக நிறுத்தினாள். இப்போது எனக்காக ஓடவிடுகிறாள். இரண்டிலும் பாட்டு போனது போனதுதான்.

எங்கள் கம்பெனியில் ஓய்வு பெறுபவர்களை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பார்கள். பி.எஃப்., கிராஜுவிட்டி, 1995 ஓய்வூதியத் திட்டத்தில் மாதம் எவ்வளவு வரும், நான் போன பிறகு மனைவிக்கு அதில் பாதி என்று எல்லாக் கணக்கும் போட்டோம். எனக்குப் பின்னால் அவளுக்கு என்ன கிடைக்கும் என்பதற்குத் தாள் தாளாக விவரம் இருந்தது. நான் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் அவளிடமிருந்து என்ன போகும் என்பதற்கு ஒரு வரியும் இல்லை. குறை சொல்லவில்லை. அப்படி ஒரு வரி இருந்தால் அதில் என்ன எழுதுவார்கள் என்று எனக்கும் தெரியாது.

ஜப்பானில் நொபுவோ குரோகவா என்ற மருத்துவர் 1991இல் இதற்கு ஒரு நோயின் பெயரையே வைத்தார். ஓய்வு பெற்ற கணவனால் வரும் நோய். வருவது மனைவிக்கு: வயிற்றுப் புண், தோலில் தடிப்பு, மனச்சோர்வு. படித்ததும் கொஞ்சம் பயந்து என் மனைவியை உற்றுப் பார்த்தேன். அவள் நன்றாகத்தான் இருக்கிறாள். எங்கள் வீட்டில் சர்க்கரையும் பிரஷரும் எனக்குத்தான்.

மகனிடம் போனில் பேச்சுவாக்கில் சொன்னபோது, "அம்மாவுக்கு ஹெல்ப் பண்ணுங்கப்பா" என்றான். நல்ல யோசனைதான். 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வீட்டு வேலை பார்க்கும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் கொடுக்கிறார்கள். வீட்டு வேலை பார்க்கும் ஆண்கள் கொடுப்பது 88 நிமிடம். அந்த வித்தியாசத்தைக் குறைக்க என்னால் ஆனதைச் செய்கிறேன். வெங்காயம் நறுக்குகிறேன், துணி காயப்போடுகிறேன், தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்கிறேன். நான் சமையலறைக்குள் நுழைந்தால் அவளுக்கு வேலை குறைகிறது என்பது உண்மை. இடமும் குறைகிறது. நிமிடத்தை எண்ணிவிடலாம். ஆளில்லாத வீட்டில் ஒருத்தி காலை நீட்டி உட்காரும் பத்து நிமிடமும், கூடத்தில் கணவன் பேப்பர் படிக்கும்போது உட்காரும் பத்து நிமிடமும் ஒன்றா?

பாத்திரம் துலக்க வரும் அம்மா கலைஞர் மகளிர் உரிமைத் தொகை வாங்குகிறார். 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கிவைத்தார்களே, மாதம் 1000 ரூபாய். "நம்ம வீட்டுல நாம பாக்குற வேலைக்குக் குடுக்குற காசுக்கா இது" என்று அவர் என் மனைவியிடம் விளக்கிக்கொண்டிருந்தார். "அதுக்கு ரிட்டயர்மெண்ட் உண்டாம்மா?" என்று இவள் கேட்டாள். இருவரும் சிரித்த சிரிப்பு கூடத்துக்குக் கேட்டது. நான் உள்ளே போகவில்லை. போயிருந்தால் அந்தச் சிரிப்பும் நின்றிருக்கும்.

பள்ளியில் தமிழையா சொன்ன புறநானூற்றுக் கதை ஒன்று அரைகுறையாக நினைவுக்கு வந்து, நூலகத்துக்குப் போய்ப் புத்தகத்தைப் புரட்டினேன். கதை நம் உறையூர்க் கதை. கோப்பெருஞ்சோழன் தன் மக்களோடு பகை மூண்டதால் மனம் நொந்து, வடக்கிருந்து உயிர்விட்டான். அவனை முன்பின் பார்த்திராத பிசிராந்தையார் பாண்டிய நாட்டிலிருந்து தேடி வந்து நண்பனோடு தானும் உயிர்விட்டார். வயதாகியும் உமக்கு நரைக்கவில்லையே என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில்தான் 191ஆம் பாட்டு. நல்ல மனைவி மக்கள், சொல்வதைப் புரிந்துகொள்ளும் ஏவலர், முறை தவறாத அரசன், ஊரில் அடக்கமான சான்றோர் என்று காரணங்களை அடுக்குகிறார்.

பன்னிரண்டு வயதில் அதை நட்புக்கு உதாரணமாகப் படித்து மதிப்பெண் வாங்கினேன். இப்போது படித்தால் வேறொன்று உறுத்துகிறது. அந்த அம்மாவுக்கு நரைத்திருந்ததா? கணவனுடைய கறுத்த தலைக்குக் காரணம் என்று வரிசையில் முதலில் வருகிறவள் அவள். அவள் தலையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நண்பனோடு சாகக் கிளம்பியவர் அவளிடம் என்ன சொல்லிவிட்டு வந்தார் என்பதும் பாட்டில் இல்லை. புலவரைக் குறைசொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. எனக்கும் தலை அதிகம் நரைக்கவில்லை என்பார்கள்.

உறையூர் என்றதும் ஸ்ரீரங்கம் ஞாபகம் வருகிறது. ரங்கநாயகித் தாயாரைப் படிதாண்டாப் பத்தினி என்பார்கள். சன்னதியை விட்டு வெளியே எழுந்தருளுவதில்லை. நம்பெருமாளோ ஆண்டு முழுக்க வீதிக்கும் ஆற்றுக்கும் மண்டபத்துக்குமாகப் புறப்பட்டுக்கொண்டே இருப்பார். பங்குனியில் உறையூர் சென்று கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி கண்டுவிட்டுத் திரும்புவார். பங்குனி உத்திரத்தன்று தாயார் சன்னதிக் கதவு சாத்தப்படும். பூவும் வெண்ணெயும் எறிவார்கள். நம்மாழ்வார் நடுவில் வந்து சமாதானம் செய்துவைத்த பிறகுதான் கதவு திறக்கும், அதன்பிறகே சேர்த்தி. ஆண்டுக்கு ஒரு நாள் சேர்ந்திருப்பதற்கே இத்தனை பேச்சுவார்த்தை. பெருமாள் புறப்பாடுகளையெல்லாம் விட்டுவிட்டுத் தாயார் சன்னதியிலேயே வந்து உட்கார்ந்துவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு முறை கூட்டத்தில் நின்றுகொண்டே யோசித்தேன். அபசாரம்தான். ஆனால் அந்தக் கதவு ஏன் சாத்தப்படுகிறது என்பதற்கு உறையூர் ஒன்றே காரணமாக இருக்க வேண்டியதில்லை என்றும் தோன்றியது.

என்னோடு ஓய்வு பெற்ற ஒருவர் தினமும் காலைச் சாப்பாடு முடித்து பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போய்விடுகிறார். மண்டபத்தில் உட்கார்ந்துவிட்டு மூன்று மணிக்கு மேல் திரும்புகிறார். "பக்தி முத்திடுச்சா?" என்று கேட்டேன். "வீட்டுக்காரம்மாவுக்குக் கொஞ்சம் காத்து வேணும்ல" என்றார். பெருந்தன்மையாகச் சொன்னாரா, விரட்டப்பட்டதைச் சொன்னாரா என்று அவர் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. நானும் அவ்வப்போது பகலில் வெளியே கிளம்புகிறேன். "எதுக்குங்க இந்த வெயில்ல?" என்கிறாள் மனைவி. அதில் அக்கறை எவ்வளவு, ஆறுதல் எவ்வளவு என்று பிரித்தறியும் காது எனக்கு வாய்க்கவில்லை.

ஆக, கேள்வி அப்படியேதான் இருக்கிறது. மரியாதை, பழக்கம், எச்சரிக்கை, தனக்கென்று ஒன்றை வைத்துக்கொள்ளும் உறுதி ஆகிய நான்கில் அவளை அப்படிச் செய்யவைத்தது எது? நான்கும் கலந்ததாகவும் இருக்கலாம். இத்தனை காலம் ஒன்றாக வாழ்ந்தும் இது தெரியவில்லையே என்று ஒரு சமயம் வருத்தமாக இருக்கிறது. இத்தனை காலம் ஒன்றாக வாழ முடிந்ததே இது தெரியாமல் இருந்ததால்தானோ என்று இன்னொரு சமயம் படுகிறது. எந்த எண்ணம் சரி என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஓய்வு பெற இன்னும் சில வருடம் இருப்பவர்களிடம் ஒன்று மட்டும் சொல்லலாம். பி.எஃப். கணக்கைச் சரிபாருங்கள், மருத்துவக் காப்பீடு எடுங்கள், உயில் எழுதுங்கள். அதோடு, நீங்கள் இல்லாத பகலில் வீடு எப்படி இருக்கிறது என்று அங்கே இருப்பவரிடம் இப்போதே கேட்டுவையுங்கள். ஓய்வு பெற்ற பிறகு கேட்டால் நேரான பதில் கிடைக்காது. அப்போது நீங்கள் அந்தப் பகலுக்குள் உட்கார்ந்துகொண்டல்லவா கேட்பீர்கள்.