நாய்களின் கருத்தடையும் கொல்லாமை விரதமும்

இல்லறத்தார் மேற்கொள்ளும் கொல்லாமை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்கள் கூறப்பட்டிருப்பதை நம் வாசகர்கள் அறிவர். உறுப்பை அறுத்தல், கட்டி வைத்தல், அடித்துத் துன்புறுத்தல், மிகுபாரம் ஏற்றல், உணவும் நீரும் கொடாது தடுத்தல் என்பன அவை. தத்துவார்த்த சூத்திரம் கட்டுதலை முதலிற் கூற, சமந்தபத்திர ஆசாரியர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் அறுத்தலையே முதலில் வைத்தார். ஏர் மாட்டையும் வண்டி மாட்டையும் மனத்திற் கொண்டு வகுத்தது போலத் தோன்றும் இவ்வரிசை, இன்று நம் தெருக்களில் திரியும் நாய்களைப் பற்றிய வழக்கிற்கு அப்படியே பொருந்தி நிற்கிறது.

தெருநாய்ப் பெருக்கத்திற்கு மனிதர் கண்ட வழிகள் நான்கு. கொன்றொழித்தல், பிடித்து அடைத்து வைத்தல், எவரும் உணவிடாது தாமே குறையும்படி விடுதல், கருத்தடை செய்து, பிடித்த இடத்திலேயே மீண்டும் விடுதல். கொல்வது விரதத்தையே முறிப்பதாகும். அதுபற்றி நமக்கு ஆராய ஒன்றுமில்லை. எஞ்சிய மூன்றையும் அதிசார வரிசையோடு ஒட்டிப் பாருங்கள். அடைத்தல் என்பது கட்டுதலே. பட்டினியிடுதல் உணவைத் தடுத்தலே. கருத்தடையோ, ஐயத்திற்கு இடமின்றி, அறுத்தல். குற்றம் படியாத வழி ஒன்றும் நமக்கு வைக்கப்படவில்லை.

“ஒன்றும் செய்யாமல், கிடைத்ததை இட்டு, அவற்றின் வினைப்படி விட்டுவிடலாமே” என்று கூறுவோர் நம்முள் பலர். இதே கேள்வி 1926-ஆம் ஆண்டில் அகமதாபாத் நகரையே கலக்கியது. ஆலை அதிபர் அம்பாலால் சாராபாய், வெறிநோய் அச்சத்தினால் தம் ஆலையிடத்துத் திரிந்த 60 நாய்களைக் கொல்வித்தார். பிறப்பால் அவரும் ஜைனர். காந்தியடிகள் அச்செயலைத் தவிர்க்கவியலாததென ஏற்று ‘யங் இந்தியா’ இதழில் தொடர்ந்து எழுதினார். சினந்து மறுத்து எழுதியோரில் நம் சமயத்தார் பலர். உடையவன் இல்லாத நாய்க்கு ஒரு துண்டு உணவை வீசிவிட்டுச் செல்வது இரக்கமன்று, நாயைப் பேண விரும்புவோர் அதன் பொறுப்பையும் ஏற்கவேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். கொலையை ஏற்ற அவர் முடிவு நமக்கு உடன்பாடாகாது. ஆனால் குற்றச்சாட்டு இன்றும் நம் வாயிலில் நிற்கிறது. நாம் இடும் உணவினால் நாய் வாழ்கிறது; வாழ்வதால் ஈனுகிறது. ஏறத்தாழ 63 நாட்களே சினைக்காலம். தெருவில் பிறக்கும் குட்டிகளிற் பெரும்பாலானவை வண்டிச் சக்கரத்திலும் நோயிலும் பசியிலும் பருவமெய்துமுன் மடிகின்றன. எஞ்சியவை பெருகினால் அண்டை வீட்டாரின் அச்சம் கல்லாகவும் நஞ்சாகவும் திரும்புகிறது. வெறிநாய்க் கடியுண்போரில் பெரும்பங்கினர் சிறுவர்; அந்நோயின் குறி தோன்றியபின் பிழைப்பது மிக அரிது. இவ்வளவும் நிகழ, உணவிட்ட கை ஒன்றும் செய்யவில்லை என்பது எங்ஙனம் பொருந்தும்?

மறுபுறம், கருத்தடையை முழு அகிம்சையெனப் போற்றுவோரும் உளர். பிரமாதத்தால், அதாவது கஷாயங்களின் வயப்பட்ட அசட்டையால், உயிர்ப்புகளுக்கு ஊறு செய்வதே ஹிம்சையென உமாஸ்வாமி வரையறுத்தாரல்லவா. மருத்துவர் கத்தி பகைமையால் அறுப்பதன்று. ஆகவே ஹிம்சை இல்லை என்பது அவர்கள் கூற்று. இது பாதி உண்மையே. மருத்துவர் நோயாளியின் நோயைத் தீர்க்க அறுக்கிறார். தெருநாய்க்கோ நோய் ஏதுமில்லை. மேலும், 12-ஆம் நூற்றாண்டின் சுவேதாம்பர ஆசாரியர் ஹேமசந்திரர் தம் யோகசாஸ்திரத்தில் இல்லறத்தார்க்கு விலக்கிய பதினைந்து தொழில்களுள், விலங்குகளுக்குக் காயடிப்பதும் அடங்கும். காயடிக்கப்பட்ட எருது உழைத்து உடையவனுக்கு ஈட்டித் தருகிறது. நாயினால் எவரும் பொருள் ஈட்டுவதில்லை என்ற வேறுபாடு உண்டு. எனினும் நம் உறக்கமும் நம் தெருவின் அமைதியும் அதில் கலந்திருப்பதை மறைக்க வேண்டியதில்லை.

ஆகவே, என் கருத்தில், கருத்தடை ஓர் அதிசாரமே. ஆயினும் மூன்று அதிசாரங்களுள் சிறியது அதுதான். ஜெய்ப்பூரில் 1994 முதல் 2002 வரை ஒரு தொண்டு நிறுவனம் ஏறத்தாழ 25,000 நாய்களுக்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்தது. பணி நடந்த பகுதியில் நாய்த்தொகை 28 விழுக்காடு குறைந்தது. மனிதர்க்கு வெறிநோய் வருவதும் அங்கு நின்றது. அடைத்தல் அவ்வாறன்று. 2025 ஆகஸ்டு 11 அன்று உச்ச நீதிமன்றம் டில்லிப் பகுதி நாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகங்களில் வைக்க ஆணையிட்டு, ஆகஸ்டு 22-இல் அதனைத் திருத்தி, வெறிநோயோ மூர்க்கமோ உள்ளவை ஒழிய ஏனையவற்றைக் கருத்தடைக்குப் பின் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. அறுத்தலின் துன்பம் சில நாட்களது. கூண்டின் துன்பமோ ஆயுள் முழுவதும்.

அதிசாரம் என்று ஒப்புக்கொண்டால் நடைமுறை மாறும். எத்தனை நாய்களை அறுத்தோம் என்ற எண்ணிக்கையைக் கல்வெட்டில் பொறித்துப் புண்ணியக் கணக்கில் எழுதமாட்டோம். பிரதிக்கிரமணத்தில் நினைவு கூர்வோம். மயக்க மருந்தும் வலி மருந்தும் குறையாமலிருக்கிறதா, புண் ஆறும்வரை வைத்திருந்தார்களா என்று பொருளுதவி செய்வோர் வினவ வேண்டும். அடையாளமாகச் செவி நுனியில் இடும் வெட்டும் அறுத்தல்தான். ஆயினும் அந்நாய் வீணே மீண்டும் கத்திக்கு ஆட்படாமல் அதுவே காக்கிறது.

எல்லாவற்றினும் கடியது சினைநாய். அதனை அறுக்கும்போது கருவிலுள்ள ஐம்பொறியுயிர்கள் மடிகின்றன. அது அதிசாரத்தில் அடங்காது, விரத பங்கமே. நாய்க் கருத்தடைக்கென 2001-இல் மைய அரசு வகுத்த விதிகளும் சினைநாயைக் கருக்கலைத்து அறுக்கலாகாது, ஈனும்வரை விட்டுவிட வேண்டும் என்றே கூறின. ஆனால் வலையோடு வரும் ஆளுக்கு, தொடக்க நாட்களில் எந்நாய் சினையுற்றது என்பது தெரியாது. பாலூட்டும் தாயைக் கொண்டுபோனால் குட்டிகள் எங்கோ படிக்கட்டின் கீழ் பசித்துக் கிடக்கும் என்பதும் தெரியாது. நாள்தோறும் மாலையில் உணவிடுபவருக்குத் தெரியும். நாய்வண்டி வரும் காலையில் அவர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இராமல், தெருவில் இறங்கி நின்று, இது சினை, இது பால் கொடுப்பது, இதனை இரண்டு மாதங் கழித்துப் பிடியுங்கள் என்று ஒவ்வொன்றாகக் காட்டிக் கொடுக்க வேண்டும்.