வளைவுக்கு முன்னால் ஒரு கணக்கு
கொல்லிமலைச் சாலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பைக்கைச் சாய்த்துத் திருப்பும் சுகத்துக்காகவே போகிறவர்கள் உண்டு. போகட்டும், ஆபத்து துளியும் இல்லாத இடத்தில் த்ரில்லும் இல்லை. ஆனால் எல்லா ஆபத்தும் த்ரில் தருவதில்லை. தேய்ந்த டயர் அந்தச் சுகத்தைக் கூட்டாது. தூக்கக் கலக்கமும் கூட்டாது. ஹெல்மெட்டை டேங்க் மேல் கவிழ்த்து வைத்து ஓட்டுபவர் (நம் ஊரில் இவர்களுக்குப் பஞ்சமில்லை) ஆபத்தை முழு விலைக்கு வாங்கி, பதிலுக்கு ஒன்றும் பெறுவதில்லை. வேகம்தான் ஆபத்து, த்ரில் இரண்டையும் சேர்த்துத் தரும். அது இரு மடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடி நிற்கும் தூரம் ஏறக்குறைய நான்கு மடங்கு. துணிச்சல்காரர் இந்தக் கணக்கை வளைவுக்கு முன்பே போட்டுவிடுகிறார். பின்சீட்டில் இருப்பவரை மட்டும் யாரும் கேட்பதே இல்லை.