கைமாறும் தீவு

சாகோஸ் தீவுகளைப் பற்றி நம் ஆட்களிடம் பேச்செடுத்தால், "அது எங்க கீது, நமக்கு இன்னாத்துக்கு?" என்கிறார்கள். மாலத்தீவுக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகவும், பிறகு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகவும் கொண்டுபோனவர்களின் வாரிசுகள் அங்கே தென்னந்தோப்புகளில் கொப்பரை உரித்து வாழ்ந்தார்கள். மொரிஷியசுக்கு 1968இல் விடுதலை தருவதற்கு முன்பே, 1965இல் பிரிட்டன் இந்தத் தீவுகளைத் தனியே வெட்டி எடுத்துக்கொண்டது. அதற்கு மொரிஷியசுக்குக் கொடுத்தது 30 லட்சம் பவுண்டு. டீகோ கார்சியாவில் அமெரிக்க ராணுவத் தளம் வரவேண்டும். சனங்கள் இருக்கக் கூடாது. 1973க்குள் ஒருவர் பாக்கியில்லாமல் கப்பலேற்றி மொரிஷியசிலும் செஷல்சிலும் இறக்கிவிட்டார்கள். வளர்த்த நாய்களைக் கொன்றார்கள். அங்கே நிரந்தரக் குடிகளே இல்லை, வந்துபோகும் கூலிகள்தான் என்று கோப்பில் எழுதிக்கொண்டார்கள். தலைமுறையாய்க் குடியிருக்கும் சேரியைப் பதிவேட்டில் புறம்போக்கு என்று எழுதும் கைக்கு இந்த வித்தை புதிதல்ல.

அப்படிப் பிரித்தது செல்லாது, பிரிட்டன் வெளியேற வேண்டும் என்று 2019இல் சர்வதேச நீதிமன்றம் கருத்துச் சொன்னது. 2025 மே 22இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்படி இறையாண்மை மொரிஷியசுக்கு. தளம் 99 ஆண்டு பிரிட்டனிடமே. அதற்கான பணம் மொரிஷியஸ் அரசுக்கு. காலனியம் தோற்றது என்று மகிழ்ந்தார்கள் தோழர்கள். மகிழலாந்தான்.

ஆரணியில் தறிச் சத்தத்தில் வளர்ந்தவனுக்கு இது வேறு மாதிரி படுகிறது. இங்கே முன்பணம் வாங்கிய நெசவாளி அதைத் தீர்க்காமல் வேறு முதலாளியிடம் போக முடியாது. புது முதலாளி பழையவரிடம் பாக்கியைக் கட்டுவார். "உன் கணக்க நான் தீத்துட்டேன், நாளைலருந்து எங்கிட்ட நெய்யி." ஒருவருக்குப் பணம் வந்தது, இன்னொருவருக்கு ஆள் வந்தான். கடன் மட்டும் அவன் தலையைவிட்டு இறங்கவில்லை. கணக்குப் பேசிய இடத்தில் அவனும் நின்றுகொண்டிருந்தான், அவ்வளவுதான்.

சாகோஸ் மக்கள் அந்த ஒப்பந்தத்தில் ஒரு தரப்பே இல்லை. அவர்களுக்கென்று 4 கோடி பவுண்டு நிதி ஒதுக்கினார்கள். டீகோ கார்சியா தவிர்த்த தீவுகளில் குடியேற்றுவதை மொரிஷியசின் விருப்பத்துக்கு விட்டார்கள். ஒப்பந்தத்தை வரவேற்றவர்கள் அவர்களில் உண்டு, எதிர்த்தவர்களும் உண்டு. ஆரணியில் உட்கார்ந்துகொண்டு யார் சரி என்று நான் பஞ்சாயத்துப் பண்ணப்போவதில்லை. கையெழுத்துப் போடும் இடத்தில் இரண்டு பேருக்கும் நாற்காலி இல்லை.

இறையாண்மை என்கிறோமே, அது மண்ணுக்கா, மண்ணில் இருந்த மனுசருக்கா? 1930இல் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கர் வெள்ளையன் ஆட்சி போகட்டும் என்றுதான் சொன்னார். கூடவே, வரப்போகும் அதிகாரத்தில் எங்கள் பங்கு எங்கே என்றும் கேட்டார். அதற்காகவே அவரை ஏகாதிபத்தியத்தின் கையாள் என்றார்கள். அதே கேள்வியைக் கேட்கிற சாகோஸ்காரரை நாம் இன்னான்னு கூப்பிடப்போகிறோம்?